850 லிட்டர் கடல்மீன் தொட்டி: எந்த ஸ்கிம்மர் எடுக்கலாம்?

முத்துக்குளி, தாம்பரம்

வணக்கம். நன்னீர் மீன் வளர்ப்பிலிருந்து கடல்மீன் பக்கம் வருகிறேன். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி செய்யக் கொடுத்தாயிற்று. கல், மணல் போக அதில் 650 லிட்டர் நிற்கும். கீழே சம்ப்பில் (வடிகட்டும் கருவிகள் வைக்கும் கீழ்த் தொட்டி) இன்னொரு 200. பவளம் வைக்கப் போவதில்லை, மீன் மட்டும்தான். பவுடர் ப்ளூ டாங் ஒன்று, எம்பரர் ஏஞ்சல் ஒன்று, நைஜர் டிரிகர் ஒன்று, க்ளவுன் ஜோடி, அப்புறம் மூன்று நான்கு வ்ராஸ்.

ஸ்கிம்மர்தான் (தண்ணீரில் கரைந்த அழுக்கை நுரையாக்கி எடுக்கும் கருவி) குழப்புகிறது. ஒரு கடையில் '1,500 லிட்டர் வரை' என்று அட்டையில் போட்ட ஒன்றைக் காட்டினார்கள். தொடை உயரம், நல்ல பருமன். அடுத்த கடையிலும் அதே '1,500 லிட்டர்'தான், ஆனால் ஆளும் பாதி, விலையும் பாதி. இரண்டில் எது பொய் சொல்கிறது? 50 ஆயிரம் வரை போகலாம் என்று நினைத்திருக்கிறேன். கேபினட்டின் உள்ளுயரம் 68 செ.மீ.

நீலத்திமிங்கலம், சிங்கப்பூர்

ப்ரோ, இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. தொட்டியின் அளவுக்கு இரண்டு மடங்கு எழுதியிருப்பதை எடுங்கள். 1,700, 2,000 என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பெரிய ஸ்கிம்மர் வாங்கிக் கெட்டவன் யாரும் இல்லை.

சம்ப்_சாமி, கோவை

இருக்கிறார்கள் திமிங்கலம் தம்பி. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முத்துக்குளி, அட்டையில் போடும் லிட்டருக்குப் பொதுவான அளவுகோல் என்று ஒன்று கிடையாது. கம்பெனி தானே போட்டுக்கொள்வதுதான். கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள் குறைந்த மீனுக்கு ஒரு எண், நிறைய மீனுக்கு ஒரு எண் என்று இரண்டு தருவார்கள். இரண்டாவது எண் பெரும்பாலும் முதலாவதில் பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உங்கள் மீன் பட்டியலுக்கு அந்தச் சின்ன எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஒரே எண் போட்டிருந்தால் அது ஏறக்குறைய காலித் தொட்டிக்கான எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடை அட்டையும் ஏன் ஒன்றாக இருந்தது என்பதற்குப் பதில் இதுதான்.

அந்தச் சாமான் என்ன செய்கிறது என்று பார்த்தால் எதைக் கேட்டு வாங்குவது என்பது தானாகத் தெரியும். மீனின் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, செத்த பாசி எல்லாம் தண்ணீரில் கரைகின்றன. அப்படிக் கரைந்தவற்றில் ஒரு பகுதிக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறு முனை தண்ணீரை விட்டு விலகும். காற்றுக் குமிழி கண்ணில் பட்டால் போய்ப் பற்றிக்கொள்ளும். குமிழிகள் மேலே ஏறி, ஸ்கிம்மரின் மேல்பக்கக் கழுத்தில் நுரையாக அடைந்து, நுரையிலிருந்து தண்ணீர் வடிந்து, மிச்ச அழுக்கு அதற்கு மேலே உள்ள கப்பில் போய் விழும். உப்புத் தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்காமல் பொடியாகவே இருக்கும். நீங்கள் இத்தனை நாள் வைத்திருந்த நன்னீர்த் தொட்டியில் இது எடுபடாததற்குக் காரணம் அதுதான். 2019 கடைசியில் மழைக்குப் பிறகு மெரினாவில் நாள்கணக்கில் வெள்ளை நுரை ஒதுங்கியது ஞாபகம் இருக்கும். சாக்கடையோடு வந்த சோப்புத் தண்ணீரை அலை அடித்து எடுத்த நுரை அது, வேலை செய்த விதியும் இதே விதிதான். பிள்ளைகளை அதில் இறக்கிப் படம் எடுத்தார்களே, அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் காற்று. பம்ப் மணிக்கு எத்தனை லிட்டர் காற்றை இழுக்கும் என்று கேளுங்கள். கடைக்காரர் தண்ணீர்க் கணக்கைச் சொல்வார், விடாதீர்கள். உங்கள் தொட்டிக்கு மணிக்கு 900 முதல் 1,000 லிட்டர் காற்று இருந்தால் எனக்குத் திருப்தி. அடுத்தது உடம்பின் விட்டம், 20 செ.மீ. பக்கம் வேண்டும். அவ்வளவு காற்றை ஒல்லியான உடம்பில் திணித்தால் உள்ளே கொதிக்குமே தவிர நுரை நிற்காது. பாதி ஆளாக இருந்த அந்த இரண்டாவது கடைச் சரக்கு இங்கேயே தோற்றுவிடும்.

மூன்றாவது கழுத்து. பெரிதாக வாங்கியவர்களுக்கு இடறுவது இதில்தான். கழுத்தில் நுரை உடையாமல் நின்று ஏறவே அழுக்கு வேண்டும். 2,000 லிட்டருக்கான அகலக் கழுத்தை வைத்துக்கொண்டு, தொட்டியில் ஐந்து சின்ன மீனும் ஒரு சிட்டிகைத் தீனியும் என்றால், நுரை பாதிக் கழுத்து வரை வந்து உடைந்து உடைந்து திரும்பும். அழுக்கு கழுத்தின் உள்சுவரில் பசையாக அப்பிக்கொள்ளும், கப் காய்ந்து கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு.

ஆகவே லிட்டரை விட்டுத்தள்ளுங்கள். ஒரு நாளைக்கு என்ன தீனி போடுவதாக உத்தேசம்? அதைச் சொன்னால் மேலே பேசலாம்.

முத்துக்குளி, தாம்பரம்

நன்றி சாமி அண்ணா. உறைய வைத்த மைசிஸ் (பொடி இறால் போன்றது), மார்க்கெட் இறாலைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம், டாங்குக்குத் தினமும் ஒரு துண்டு நோரிக் கடற்பாசி, ஏஞ்சலுக்கு ஸ்பாஞ்ச் கலந்த தீனி. மொத்தம் மூன்று வேளை. கொளத்தூரில் ஒருவர், டிரிகரும் ஏஞ்சலும் வளர்ந்தபின் இது இரண்டு மடங்காகும் என்றார்.

சம்ப்_சாமி, கோவை

ஆகும். மூன்று வேளைத் தீனி, அதில் இறால் வேறு. அப்படியானால் உங்களுடையது கனத்த தொட்டி. நிறைய மீனுக்கான எண் 800 முதல் 1,000 வரை வருகிற மாடல் சரியாக இருக்கும். நீலத்திமிங்கலம் சொல்கிற 2,000-உம் பல அட்டைகளில் இதே சாமானாகத்தான் இருக்கும், அந்த வகையில் அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆரம்பத்தில் மீன் குறைவாக இருக்கும்போது நுரை சோம்பலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீலத்திமிங்கலம், சிங்கப்பூர்

அதைத்தானே நானும் சொன்னேன் 😄

உப்புக்காற்று, தூத்துக்குடி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஸ்கிம்மர் கட்டாயம் என்று யார் சொன்னது? எனக்கு 400 லிட்டர் தொட்டி, ஸ்கிம்மர் இல்லை. கரையை விட்டுத் தள்ளிப் படகில் போய் எடுத்து வரும் தண்ணீர் வாரம் 80 லிட்டர் மாற்றுகிறேன். மீன் எல்லாம் கொழுகொழுவென்று இருக்கிறது.

இன்னொன்று. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மேன் 2009-இல் ஸ்கிம்மர்களை அளந்து பார்த்து எழுதியிருக்கிறார். தண்ணீரில் உள்ள மொத்தக் கரிமக் கார்பனில் 20 முதல் 35 சதவீதம் வரைதான் அவற்றால் எடுக்க முடிந்தது. மிச்சம் அப்படியே கிடக்கிறது. இதற்கா 50 ஆயிரம்?

சம்ப்_சாமி, கோவை

அண்ணாச்சி, உங்களுக்குக் கடல் கொல்லைப்புறத்தில். தாம்பரத்துக்காரர் உங்களைப் போல வாரம் 20 சதவீதம் மாற்றினால் 170 லிட்டர். அதற்கு ஆறு கிலோவுக்கு மேல் கடலுப்புக் கலவை வேண்டும், ஒவ்வொரு வாரமும். ஆர்.ஓ. தண்ணீர், அது கழித்து ஊற்றும் தண்ணீர், கரண்டு எல்லாம் தனி. ஒரு வருஷத்து உப்புக் கணக்கைப் போட்டால் ஸ்கிம்மர் மலிவாகத் தெரியும்.

ஃபெல்ட்மேன் கட்டுரையை நானும் படித்தேன். அதிலிருந்து எனக்குக் கிடைத்தது வேறு. அவர் சோதித்த ஸ்கிம்மர்களுக்குள் பெரிய வித்தியாசம் வரவில்லை என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமான முடிவு. குமிழியில் ஒட்டும் சரக்கு எவ்வளவோ அவ்வளவைத்தான் எந்த ஸ்கிம்மரும் எடுக்கும், ஒட்டாததை லட்ச ரூபாய் ஜெர்மன் ஸ்கிம்மராலும் எடுக்க முடியாது. அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் இருக்கிறது, தண்ணீர் மாற்றுவது இருக்கிறது. ஸ்கிம்மரே வேண்டாம் என்பதற்கு அந்தக் கட்டுரை சாட்சி சொல்லாது. காற்றும் உடம்பும் போதுமான அளவுக்கு வந்தபின் மேற்கொண்டு பணத்தைக் கொட்டாதே என்பதற்குச் சொல்லும்.

கட்டுரையின் கணக்கில் சேராத ஒன்றும் இருக்கிறது. மணிக்கு 1,000 லிட்டர் காற்றைப் பொடிப்பொடியாக அடித்துத் தண்ணீரில் கலக்கும் வேறு கருவி உங்கள் தொட்டியில் கிடையாது. டாங்கும் டிரிகரும் மூச்சுக்கு ஆக்ஸிஜனை வாங்கித் தள்ளுகிற ஜாதி. மே மாதம் தண்ணீர் சூடாகும்போது ஆக்ஸிஜன் இன்னும் குறையும். எனக்கு ஸ்கிம்மரில் பாதி மதிப்பு அதற்குத்தான்.

உப்புக்காற்று, தூத்துக்குடி

காற்று விஷயம் ஒப்புக்கொள்கிறேன். மீதியை ஒப்புக்கொள்ள மனசில்லை, இருந்தாலும் அந்த உப்புக் கணக்கு நியாயம். முத்துக்குளி தம்பி, எதை வாங்கினாலும் கல்லை மட்டும் காய்ந்த கல்லாக, ரசீதோடு வாங்குங்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பவளக் கல்லை மலிவு என்று யாராவது நீட்டுவார்கள். 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது அது. எங்கள் ஊர்ப் பக்கம் இதற்காகப் பிடிபட்டவர்கள் உண்டு.

முத்துக்குளி, தாம்பரம்

கண்டிப்பாக அண்ணாச்சி. எங்கள் பக்கம் கரண்டு அடிக்கடி போய் வரும். டி.சி. பம்ப் வைத்த ஸ்கிம்மர் நல்லதா, ஏ.சி. பம்பா? கரண்டு போய் வந்தால் ஸ்கிம்மர் பொங்கி வீடெல்லாம் தண்ணீர் என்று ஒருவர் பயமுறுத்தினார்.

வத்தளை_ரீஃப், வத்தளை

இதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி. 2022 மார்ச் கடைசியில் எங்களுக்கு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்த நேரம் இதெல்லாம் பாடமாகிவிட்டது.

பொங்குவது உண்மைதான். ஏன் என்று பாருங்கள். மின்சாரம் நின்றால் சம்ப் தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் நிற்கும், மேல் தொட்டியில் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ வாய்க்கு மேலே நின்ற தண்ணீர் எல்லாம் சம்ப்புக்கு இறங்கும். உங்கள் தொட்டி 180-க்கு 75 செ.மீ. நீர்மட்டம் 2 செ.மீ. இறங்கினாலே 27 லிட்டர். குழாய்களில் நிற்பது வேறு. மின்சாரம் திரும்பியதும் ஸ்கிம்மர் அந்த உயர்ந்த மட்டத்தில் ஓடத் தொடங்கும். ரிட்டர்ன் பம்ப் தண்ணீரை மேலே ஏற்றி முடிக்கும் அந்தச் சில நிமிடத்துக்குள் கப் நிறைந்து வழிந்துவிடும்.

வழிவதைவிட மோசமானது அதற்குப் பிறகு நடக்கிறது. கப்பிலிருந்து குழாய் வைத்து ஒரு கானுக்கு விட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். உப்புத் தண்ணீர் கானுக்குப் போகப் போக சம்ப் மட்டம் இறங்கும். ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டும் ஆட்டோ டாப் ஆஃப் கருவி அதை ஆவியானது என்று நினைத்து நல்ல தண்ணீரை ஊற்றும். காலையில் பார்த்தால் மட்டம் சரியாக இருக்கும், உப்பு குறைந்திருக்கும். ஆகவே கான் சின்னதாக, இறுக்கி மூடியதாக இருக்க வேண்டும். காற்று வெளியேற ஒரு சின்னக் குழாய், அதன் வாயில் மிதவை. கான் நிரம்பியதும் மிதவை அடைத்துவிடும், அதற்குமேல் கப்பிலிருந்து இறங்காது. டாப் ஆஃப் தொட்டியிலும் இரண்டு மூன்று நாளைக்கு ஆவியாகும் அளவுக்குமேல் தண்ணீர் வைக்க வேண்டாம்.

சம்ப்_சாமி, கோவை

வத்தளை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஃப்ரிட்ஜுக்கு வாங்குகிற ஸ்டெபிலைசர் தெரியுமில்லையா? கரண்டு வந்ததும் உடனே கொடுக்காது, கம்ப்ரஸருக்காக இரண்டு மூன்று நிமிஷம் காத்திருந்துதான் கொடுக்கும். ஸ்கிம்மர் பம்பை மட்டும் அதில் செருகுங்கள். ரிட்டர்ன் பம்ப் நேரடியாக. ஸ்கிம்மர் எழுந்திருக்கும்போது சம்ப் மட்டம் இறங்கியிருக்கும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கும் பாதுகாப்பு. உங்கள் சம்ப்புக்கு அந்த நேரம் போதாது என்றால் எலக்ட்ரிக் கடையில் கிடைக்கிற டிலே டைமர் வைத்து ஐந்து பத்து நிமிஷமாக்கலாம்.

டி.சி., ஏ.சி. விஷயத்தில் என் ஓட்டு உங்களுக்கு ஏ.சி. டி.சி. பம்ப் சத்தம் குறைவு, கரண்டும் குறைவு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். மீன் குறைவாக இருக்கும் ஆரம்ப மாதங்களில் அது நிஜமாகவே உதவும். ஆனால் கன்ட்ரோலர் போனால் ஸ்கிம்மர் படுத்துவிடும், மாற்று வர வாரக்கணக்கில் ஆகும். எனக்கு விற்ற கடைக்காரர் 'வந்துவிடும், வந்துவிடும்' என்று சொல்லியே ஒரு கோடையை ஓட்டினார். ஏ.சி. பம்பில் கெடுவதற்கு இம்பெல்லரும் (உள்ளே சுழலும் சக்கரம்) ஓ-ரிங்கும்தான். ஸ்கிம்மர் வாங்கும்போதே கூட ஒரு இம்பெல்லர் செட் வாங்கி வைத்துவிடுங்கள். ஸ்பேர் இல்லை என்று கடையில் சொன்னால் அந்த மாடலே வேண்டாம்.

ஏ.சி. பம்ப் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வருவதாக இருந்தால் லேபிளைப் பாருங்கள். அமெரிக்காவுக்குச் செய்தது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைச் சரி செய்துவிடலாம், ஹெர்ட்ஸை என்ன செய்வீர்கள்? நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் அந்த மோட்டார் மெதுவாகத்தான் சுற்றும், காற்று குறையும், கம்பெனி சொன்ன எந்தக் கணக்கும் வராது.

வேளச்சேரி_வ்ராஸ், சென்னை

கொஞ்சம் கிளைக்கதை. ஏ.சி. போட்டு மூடிய அறையில் தொட்டி இருக்கிறது, பி.எச். 7.8-க்கு மேல் ஏறவே இல்லை. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் ஏறும் என்கிறார்களே?

சம்ப்_சாமி, கோவை

ஏறும். மூடிய அறையில் நாம் விடும் மூச்சின் கார்பன் டை ஆக்ஸைடைத்தான் ஸ்கிம்மர் தண்ணீருக்குள் அடிக்கிறது. வெளிக்காற்று கொடுத்தால் பி.எச். கொஞ்சம் ஏறும். கொசு மருந்து அடிக்கிற பக்கம் மட்டும் குழாய் வாய் இருக்கக் கூடாது. மயக்க மருந்துக் கருவிகளில் போடுகிற சோடா லைம் வழியாகக் காற்றை விடுவதும் ஒரு வழிதான், அது நிறம் மாற மாற வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு 7.8 ஒன்றும் குறையில்லை. விடுங்கள்.

முத்துக்குளி, தாம்பரம்

இன்னொரு வழி வந்திருக்கிறது. ஒருவர் தொட்டியைக் கலைக்கிறார், உங்கள் அளவுகளுக்கு ஒத்துவரும் பழைய ஸ்கிம்மர் பாதி விலைக்குத் தருகிறார். 20 செ.மீ. உடம்பு, கூம்பு வடிவம், ஏ.சி. பம்ப். உயரம் 61 செ.மீ. பார்க்கப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

வத்தளை_ரீஃப், வத்தளை

பம்பைக் கழற்றச் சொல்லி இம்பெல்லரைக் கையில் வாங்கிப் பாருங்கள். காந்தம் உப்பி வெடித்திருந்தால் வேண்டாம். அதன் சக்கரத்தில் உள்ள ஊசிகள் ஒன்றிரண்டு உடைந்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். உடம்பில் ஒட்டு இருக்கும் இடங்களில் டார்ச் அடித்து மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சம்ப்_சாமி, கோவை

உடம்பு முழுக்க வலைப்பின்னலாகக் கீறல் தெரிந்தால் யாரோ ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். அக்ரிலிக்குக்கு ஆல்கஹால் ஆகாது. வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருப்பது ஒரு பொருட்டே இல்லை. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கிற சிட்ரிக் ஆசிட்டை வாளித் தண்ணீரில் கரைத்து, பம்பை அதில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், பளிச்சென்று ஆகிவிடும். காற்றை உறிஞ்சும் வெஞ்சுரியின் வாயில் உப்பு கட்டிதான் பாதி ஸ்கிம்மர்கள் 'வீணாகப் போய்விட்டன' என்று விற்பனைக்கு வருகின்றன. காற்றுக் குழாய் வழியாக ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் திரும்ப மூச்சு வாங்கும்.

உயரம் 61 என்றீர்களே, கப்போடு சேர்த்தா? கப்பை மேலே தூக்கித்தான் கழற்ற வேண்டும். சம்ப்பின் அடிக் கண்ணாடி, அதன் கீழ் ஃபோம் எல்லாம் போக 68-இல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று டேப் வைத்துப் பாருங்கள். வாரம் இரண்டு தடவை அந்தக் கழுத்தைத் துடைக்க வேண்டும். துடைத்த கழுத்துக்கும் பசை அப்பிய கழுத்துக்கும் கப்பில் விழும் அளவு கண்கூடாக மாறும். எடுக்கச் சிரமமாக இருந்தால் துடைக்க மாட்டீர்கள், யாராக இருந்தாலும்.

முத்துக்குளி, தாம்பரம்

பார்த்துவிட்டு வந்தேன். கப்போடு 61. சம்ப் கண்ணாடியும் ஃபோமும் 2 செ.மீ. மேலே 5 செ.மீ. மிஞ்சுகிறது. கப் வெளியே வர 4 போதும், அவர் கழற்றிக் காட்டினார். இம்பெல்லர் ஊசி எல்லாம் இருக்கிறது, காந்தம் நன்றாக இருக்கிறது. லேபிளில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வெஞ்சுரியில் நீங்கள் சொன்ன மாதிரியே உப்புக் கட்டி. வாங்கிவிட்டேன், புது இம்பெல்லர் செட்டுக்கும் சொல்லியாயிற்று. மிச்சமான பணம் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் போகிறது.

கடைசியாக ஒன்று. சம்ப் செய்பவர் தடுப்புக் கண்ணாடியை எத்தனை உயரத்தில் வைக்க என்று கேட்கிறார்.

சம்ப்_சாமி, கோவை

நல்ல வியாபாரம். உங்கள் மாடலுக்குக் கம்பெனி எவ்வளவு ஆழம் சொல்கிறதோ அதில் கீழ் அளவைப் பிடியுங்கள். 18 முதல் 23 என்று இருந்தால் கண்ணாடியை 18-இல் ஒட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கண்ணாடியைத் தாண்டி வழியும்போது மட்டம் அதற்குமேல் ஒரு செ.மீ. போல நிற்கும். ஆழம் போதவில்லை என்றால் கண்ணாடி மேல் ஒரு துண்டு வைத்து உயர்த்தலாம், கூடிப்போனால் ஸ்கிம்மரை முட்டுக்கொடுத்துத் தூக்கத்தான் வேண்டும். மேலே 5 செ.மீ.தான் இருக்கிறது என்பதால் உங்களுக்கு அதற்கு இடமில்லை. ஸ்கிம்மர் நிற்கும் அறையில் மட்டம் ஏறி இறங்கவே கூடாது. ஆவியாகிற குறை எல்லாம் ரிட்டர்ன் பம்ப் அறையில் தெரியட்டும், டாப் ஆஃப் சென்ஸரும் அங்கேதான்.

முதல் வாரம் கன்னாபின்னாவென்று பொங்கலாம், அல்லது ஒன்றுமே வராமல் இருக்கலாம். கப்பைக் காலி செய்துகொண்டு, நுரை மட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வைத் தொடாமல் இருங்கள். தீனி போட்டதும் நுரை படுத்துவிடும், எண்ணெய்ப் பசையால் வருவது, தானே எழும். கல்லை ஒட்ட எபாக்ஸி வைத்தாலும், குளோரினை நீக்கும் மருந்து ஊற்றினாலும் மறுபடி பொங்கும், அன்றைக்கு ஒரு நாள் கப்பை எடுத்து வைத்துவிடுங்கள். நான்கைந்து மாதம் கழித்து கப்பில் டிக்காக்‌ஷன் நிறத்தில் விழ ஆரம்பித்தால் அதற்குமேல் எதையும் திருகாதீர்கள்.

முத்துக்குளி, தாம்பரம்

18 என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை சம்ப் வருகிறது.

நீலத்திமிங்கலம், சிங்கப்பூர்

படம் போடுங்கள் ப்ரோ. அப்புறம் அந்தப் பவுடர் ப்ளூவைக் கடைசியாக விடுங்கள், முதலில் விட்டால் பின்னால் வருகிற யாரையும் வாழ விடாது.